வேர்க்கடலை சேர்க்கப்படவில்லை

சேரப்பணஞ்சேரி
ஐப்பசி, 1991

சேகர்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு நலம் இல்லை. ஓசூரில் வீடு கிடைத்தது, தண்ணீர்க் கஷ்டம் இல்லை, குளிர்தான் கொஞ்சம் அதிகம், விமலாவுக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் நல்ல துணை என்றெல்லாம் நீ எழுதியிருந்ததை உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அனிதாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாய் என்ற இடத்தில் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்கு அடுத்த வரியை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. “மிஸ்ஸிடம் எல்லாம் சொல்லிவிட்டேன் அப்பா. வேர்க்கடலை சேர்க்கப்படவில்லை என்று அச்சடித்த பாக்கெட்டாக இருந்தால் பாப்பாவுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்” என்று எழுதியிருக்கிறாய். கொடுக்கக் கூடாது சேகர். அப்படி அச்சடித்த பாக்கெட் பிஸ்கட்டில் பாதி கூடக் கொடுக்கக் கூடாது. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போய், சொன்னதை மாற்றிச் சொல்லிவிட்டு வா. மீதியை அப்புறம் படி.

படப்பை எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன் கம்பெனிக்கு போன் போட்டேன். நீ உள்ளே வேலையில் இருக்கிறாய், இப்போது கூப்பிட முடியாது என்றார்கள். “அவன் பொண்ணுக்கு பிஸ்கட் குடுக்காதன்னு சொல்லுங்க சார், ரொம்ப அவசரம்” என்றேன். போனை எடுத்தவன் சிரித்துவிட்டான். அவன் உன்னிடம் சொன்னானோ இல்லையோ. அதனால்தான் இதை எழுதி, லாரி ஓட்டுகிற நம்ம ஊர் தாமஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் பெங்களூர் லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் வழியாகத்தான் போகிறான். வெறுமனே கொடுக்காதே என்று மட்டும் எழுதினால் நீ கேட்க மாட்டாய். சின்ன வயதிலிருந்தே காரணம் சொல்லாமல் உன்னை ஒரு காரியம் செய்ய வைக்க முடியாது. எனவே காரணத்தை முழுதாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதல் தடவை நடந்தது உனக்கு நினைவிருக்கும். பாப்பா அப்போதுதான் நன்றாக நடக்கப் பழகியிருந்தாள். மணிமங்கலத்தில் உன் மாமன் கொல்லையில் கடலை பிடுங்கிப் போட்டுப் பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவள் ஒரு பச்சைக் காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துத் தடித்து எழும்பி, உதடு வீங்கி, கண் இடுங்கிப் போனது. “பூச்சி இன்னாவோ கடிச்சிகீதுபா. காணாக்கடிதான். மந்திரிச்சிகினு வா, வுட்டுடும்” என்றார்கள். நான் தூக்கிக்கொண்டு மந்திரிக்கிறவனிடம் ஓடினேன். அவன் வேப்பிலையை அடித்தான், ஊதினான். தானாக இறங்க வேண்டியது தானாக இறங்கியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். நீ ஷிப்ட் முடிந்து வந்து கேட்டுவிட்டுக் குதித்தாய். “இன்னாபா நீ, டாக்டர் கைல காட்டாம ஊதிகினு வந்துகீற?” ஐ.டி.ஐ. படித்துவிட்டால் அப்பனுக்குப் புத்தி சொல்ல வந்துவிடுகிறார்கள் என்று நான் கத்தினேன். மறுநாள் நீயும் விமலாவும் தாம்பரத்துக்குக் கூட்டிப் போனீர்கள். வேர்க்கடலை இந்தக் குழந்தை உடம்புக்கு ஆகாது, அடுத்த முறை இதைவிட மோசமாக வரும், இதை அடியோடு தீர்க்க மருந்து கிடையாது, கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி என்று டாக்டர் சொன்னதாக வந்து சொன்னாய். அன்று உன் பக்கம்தான் நியாயம் இருந்தது. அதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அன்றிலிருந்து நம் வீடே மாறிப்போனது. உன் அம்மா கடலெண்ணெய் டின்னை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு நல்லெண்ணெய்க்கு மாறினாள். வாழ்க்கை முழுவதும் கடலெண்ணெயில் வடை சுட்டவள், நல்லெண்ணெய் வடையை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். ஆனால் மறுபடி கடலெண்ணெய் வாங்கவே இல்லை. கல்யாண வீட்டில் விமலா இலைக்கு இலை போய், இதில் கடலை போட்டீர்களா, அதில் போட்டீர்களா என்று கேட்கப்போக, “எங்க வூட்டு சோத்துல வெஷமா வச்சிகீறோம்?” என்று உன் பெரியப்பா மகன் கோபித்துக்கொண்டு இன்று வரை பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். நீ கடைக்குக் கடை நின்று பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கப் பழகினாய். அந்தக் குட்டி குட்டி இங்கிலீஷ் எழுத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீ படிப்பதைப் பார்த்தால், என்னவோ கோர்ட்டுத் தீர்ப்பைப் படிக்கிறவன் மாதிரி இருக்கும். நான் கேலி செய்வேன். உள்ளுக்குள் எனக்கு அது பெரிய தைரியமாகத்தான் இருந்தது.

எங்கள் பிஸ்கட் கம்பெனியில் உடைந்ததை வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று ஒரு வழக்கம். நான் பையில் கொண்டுவந்தால் நீ பாப்பா பக்கம் விடமாட்டாய். “லூஸ் வேணாம்பா, அதுல எது எது கலந்துகீதோ. பாக்கெட்னா நம்பிக்கையா குடுக்கலாம்” என்பாய். சரியாகத்தான் சொன்னாய். நானே பாக்கெட் சுற்றுகிற மெஷினில் நிற்கிறவன். இரண்டாம் தடவை நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நீ படப்பையில் எங்கள் கம்பெனி பால் பிஸ்கட்டையே வாங்கிவந்து எனக்கும் படித்துக் காட்டினாய். மைதா, சர்க்கரை, தாவர எண்ணெய், பால் பவுடர், உப்பு. தாவர எண்ணெய் என்றால் எங்கள் கம்பெனியில் டால்டாதான் என்று நானும் உறுதி சொன்னேன். என் மெஷின் சுற்றிய பாக்கெட் என்று எனக்குப் பெருமை வேறு. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாப்பா தின்றாள். கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிந்துகொண்டு, “தாத்தா, தொண்டைல முள்ளு” என்றாள். குரல் கரகரத்திருந்தது. வாந்தி எடுத்தாள். அப்புறம் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது. செங்கல் இறக்கிவிட்டுப் போன டெம்போவை நீ நடுரோட்டில் கை நீட்டி மறித்து நிறுத்தினாய். தாம்பரம் போகிற வரை அவள் தலை என் கையில் ஈரத்துணி போலத் தொங்கிக்கொண்டே வந்தது. அந்தப் பாரம் இன்னும் என் கையில் இருக்கிறது.

ஊசி போட்டு அவள் அழத் தொடங்கிய பிறகு டாக்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நீ சட்டைப் பையிலிருந்து அந்த பிஸ்கட் கவரை எடுத்து நீட்டினாய். “சார், நல்லா பாருங்க சார். இதுல எங்கியும் கடலை இல்ல.” அவர் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். “கவர்ல இல்லப்பா. உள்ள இருந்துருக்கு” என்றார். அந்தப் பேச்சை நாம் இருவருமே அப்போது காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கவரில் எழுதாமல் விட்டுவிட்டார்கள், எழுதியிருந்தால் நமக்கு இந்தக் கதி வந்திருக்காது என்றுதான் வழி நெடுக நீ சொல்லிக்கொண்டே வந்தாய்.

அப்புறம் நீ எங்கள் முதலாளிக்கு எழுதினாய். என் பிள்ளை என்று அவருக்குத் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு போனேன். மனிதர் கோபப்படவில்லை. “குழந்தை எப்படிய்யா இருக்கு?” என்று முதலில் கேட்டார். பிறகு, “நம்ம பால் பிஸ்கட்ல கடலையே போடறது கிடையாதே. அதையே தமிழ்ல தெளிவா ஒரு வரி அடிச்சிட்டா போச்சு. படிக்கிறவங்களுக்கும் நிம்மதி” என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார். அந்த வரி அச்சடித்த புதுக் கவர்த்தாள் ரோல் வந்த அன்று நீ கேட் வரைக்கும் வந்து, ஒரு கவரை வாங்கித் தடவித் தடவிப் பார்த்தாயே, அப்போது உன் கண் கலங்கியதை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். ஒரு தொழிலாளி எழுதி ஒரு கம்பெனி தன் கவரை மாற்றியது என்றால் சும்மாவா. எனக்கும் தலை நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். போடவே போடாத கடலை எப்படி உள்ளே வந்தது என்று முதலாளி கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நம் எல்லோருக்கும் அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

நீ ஓசூருக்குப் போன பிறகுதான் அது என்னை அரிக்க ஆரம்பித்தது. மாவு பிசைகிற இடம் சுவருக்கு அந்தப்பக்கம். பாக்கெட் போடுகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன். அங்கே முனுசாமி என்று ஒருவன், நல்ல உழைப்பாளி. உடைந்தது, கருகியது, ஓரம் போனது எல்லாவற்றையும் அரவை மெஷினில் போட்டுத் தூளாக்கி, அடுத்த மாவில் கொட்டிக்கொண்டிருந்தான். அடுத்த மாவு எதுவோ அதில். காலையில் ஓடியது கடலை பிஸ்கட், மத்தியானம் ஓடப்போவது பால் பிஸ்கட். “இன்னா முனுசாமி, இதுல கடலை பிஸ்கட்டும் கீதே” என்றேன். “பிஸ்கட்ல பிஸ்கட்தாண்ணே போடறோம். கல்லா மண்ணா? சோத்த எவனாவது குப்பைல கொட்டுவானா?” என்றான். அவனை நான் எப்படித் திட்டுவது? சிந்தின பருக்கையைப் பொறுக்கித் தின்னு என்று உன்னை வளர்த்ததே நான்தானே. தூளும் மாவில் சேர்கிற ஒரு சாமான் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கணக்கில் இல்லாததால் கவரிலும் இல்லை.

சூப்பர்வைசர் கோவிந்தனிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான், கேட்டுக்கொண்டார். கடலைத் தூளுக்குத் தனியாக ஒரு டிரம், அதில் சிவப்புப் பட்டை அடிக்கச் சொன்னார். அடித்தார்கள். முனுசாமியும் ஒழுங்காகத்தான் இருந்தான். ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு மெஷின் பொரியும் கடலையும் வைத்துப் படைத்தார்கள். மாவு பிசைகிற தொட்டியின் விளிம்பில் கிடந்த வேர்க்கடலையை நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். “பெருசு, சாமி பிரசாதம்யா அது. அதுலகூட இன்னா பாக்கற?” என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று பொறுக்கினேன். அதன் பின் தீபாவளி ஆர்டர் வந்தது. ஓ.டி. மேல் ஓ.டி. மாவுப் பக்கத்துக்குப் புதிதாக ஆட்களைக் கொண்டுவந்து போட்டார்கள். வந்தவர்களுக்குச் சிவப்புப் பட்டை என்றால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. டிரம் பற்றாமல் போனபோது அந்தப் பட்டை அடித்த டிரம்மிலேயே பால் பிஸ்கட் மைதாவைக் கொட்டினார்கள். யாரும் கெட்டவன் இல்லை சேகர். கெட்டவன் ஒருத்தன் இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம்.

இதெல்லாம் உனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நீ வண்டி பார்ட்ஸ் செக்கிங்கில் இருக்கிறவன். “மாசக் கடைசில லாரி வந்து நின்னுகினா, பாதிய பாக்காமயே ஓகே டேக் மாட்டிடுவோம்பா” என்று நீயே ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். உன் டேக்கை நம்பி எங்கோ ஒருவன் அந்தச் சாமானை வண்டியில் பூட்டுகிறான். அவன் கையில் இருப்பது உன் கையெழுத்து போட்ட அட்டைதான், நீ பார்த்த கண் அவனிடம் இல்லை. அதைத்தான் நான் என் மெஷினிலும் செய்கிறேன். எனக்குக் கவர் வருகிறது, பிஸ்கட் வருகிறது. இரண்டையும் சேர்த்துச் சுற்றி ஒட்டி அனுப்புகிறேன். சுவருக்கு அந்தப்பக்கம் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதது கவருக்கு எப்படித் தெரியும்?

அதற்காகக் கவரைப் படிக்காதே என்று சொல்லவில்லை. படி. கடலை இருக்கிறது என்று எழுதியிருந்தால் நம்பு, அப்படியே வைத்துவிட்டு வா. இல்லை என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பாதே. பாப்பாவுக்கு வேண்டியதை வீட்டிலேயே செய்து கொடுங்கள், பள்ளிக்கூடத்துக்கும் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். பிறந்தநாள் என்று எந்தப் பிள்ளை மிட்டாய் கொடுத்தாலும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவரச் சொல், அதற்குப் பதிலாக நீங்கள் ஒன்று கொடுங்கள். ஏங்கிப் போவாள், தெரியும். ஏங்கட்டும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் எந்த டாக்டரிடம் அந்த ஊசி எப்போதும் இருக்கிறது என்று விசாரித்து, மிஸ்ஸை ஒருமுறை நேரில் அழைத்துப் போய் இடத்தைக் காட்டிவிடு. உன்னைப் பைத்தியக்காரன் என்று அந்த அம்மாள் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பார்க்கிற சுகம் அந்தக் குழந்தையைப் பெற்ற உனக்கு இல்லை. விமலாவையும் கோபித்துக்கொள்ளாதே. அவள் கேட்டுக் கேட்டுப் பகை சம்பாதித்ததால்தான் பாப்பா இவ்வளவு நாள் இருக்கிறாள்.

இவ்வளவு உறுதியாக நான் எழுதுவதற்குக் காரணம் நேற்று நடந்தது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் கோவிந்தன் ஓடிக்கொண்டிருந்த லைனிலிருந்து ஒரு பால் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்து, “பேத்திக்கு அனுப்பு பெருசு. அவளாலதான இந்த வரியே வந்துச்சி” என்றார். அன்பாகத்தான் கொடுத்தார். எனக்கும் தாமஸ் கையில் கொடுத்தனுப்பத்தான் ஆசை வந்தது. அப்புறம் மனசு கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பிரித்து, நானே ஒவ்வொன்றாகத் தின்றேன். முதல் சிலவற்றில் ஒன்றும் இல்லை. பாதி பாக்கெட் போன பிறகு, பரவாயில்லை, நான்தான் வீணாகப் பயந்துவிட்டேன் என்று கூட நினைத்தேன். அடுத்ததில் நாக்கில் ஏதோ மெல்லியதாக ஒட்டியது. விரலில் எடுத்துப் பார்த்தேன். வேர்க்கடலையின் சிவப்புத் தோல், நகக்கண் அளவு கூட இல்லை. எழுந்து உள்ளே போய்க் கோவிந்தனிடம் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இத்தூண்டு தோலுக்கா பெருசு?” என்றார். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

இன்று காலை முதலாளியைப் பார்த்து, அந்த வரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூளை நிறுத்துங்கள் என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. ரோல் மொத்தமும் அடித்து வந்துவிட்டது, தீபாவளி லோடு போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். என்னை வேறு வேலைக்காவது மாற்றுங்கள் என்றேன், அந்த மெஷினுக்கு வேறு ஆள் இல்லையாம். நாளைக்கும் நான்தான் போய் அந்த ரோலை மாட்ட வேண்டும். அனிதாவுக்காக உன்னிடம் சொல்லிவிட்டேன், அவளுக்கு நீ இருக்கிறாய். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கடை வாசலில், இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற எவனோ ஒருவன் நான் சுற்றிய பாக்கெட்டை வெயிலில் தூக்கிப் பிடித்து, நீ எழுதி வாங்கிய வரியைப் படித்துவிட்டு, அப்பாடா என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

அப்பா